எல்லோருக்கும் நெஞ்சு வலித்த மாதம்

முதல் இறுக்கம் வந்தபோது நான் சைக்கிளில் ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தேன். காதில் தமிழ் வானொலிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டில் எது என் நெஞ்சைப் பிடித்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வசந்தகாலம் பிடித்தது. அதற்குள் செத்திருக்க வேண்டியவன். சாகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் எழுத்தாளன் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஒரு கைப்பையோடு ரொறன்ரோவில் வந்து இறங்கி, கோப்பை கழுவி, பாரவண்டி லைசென்ஸ் எடுத்து, கல்லும் மணலும் ஏற்றும் ட்ரக்குகளுக்குச் சொந்தக்காரன் ஆனவன். விட்பியில் இன்று வரிசையாக நிற்கிற புது வீடுகளுக்கு அடியில் கிடக்கும் கல்லில் பெரும்பங்கு என் வண்டியில் போனது. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் அப்படியே நினையுங்கள். பெருமைதான்.

ஆனால் நெஞ்சு வருத்தம் (இதய நோய்) என்று பயந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் வலியைச் சகித்துக்கொண்டது வீரத்தால் அல்ல. அந்த வலி என்னுடையது என்றே எனக்குத் தெரியாமல் போனது.

2009ஆம் ஆண்டு. என் ஒரே தங்கை தவமும் அவள் புருசன் கணேசும் இலங்கையில் யுத்தம் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தை முடிகிற நேரத்தில் தவம் ஒரு தடவை எனக்குப் போன் எடுத்துக் கதைத்தாள். "இடம் மாறுறம் அண்ணை. பிறகு எடுக்கிறன்" என்றாள். அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் என் கைப்போன் நம்பர் ஒன்றுதான்.

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டில் காலை முதல் தொலைக்காட்சி ஓடும். என் மனைவி சரசு அதன் முன்னால் இருந்து அழுவாள். நானும் இருந்து பார்த்தேன். என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியாது, சிறுவயதில் இருந்தே அப்படி. பனி உருகும் மாதங்களில் சரளைக்கல் போட்ட கிரவல் வீதிகள் இளகிப்போகும். பாரவண்டிகளுக்கு அப்போது பாதிச் சுமைதான் அனுமதி. தொழில் படுத்துவிடும். வேலையும் இல்லை, செய்தியும் இல்லை. சைக்கிளை எடுத்தேன்.

இப்போது கடைகளில் 'கிரவல் பைக்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். வளைந்த கைபிடி, தடித்த ரயர். அந்தப் பெயரை நான் கேள்விப்படுவதற்கு முன்பே, பழைய சைக்கிள் ஒன்றுக்கு அகல ரயர் பூட்டி அந்த வீதிகளில் ஓடியவன் நான். வேறு ஆட்களுக்கு அவை வரைபடத்தில் மெல்லிய கோடுகள். எனக்கு எந்த வீதியில் எந்தக் கற்குழியின் கல் கிடக்கிறது என்று ரயரின் சத்தத்திலேயே தெரியும். பாதிக் கல் நான் கொட்டியது.

என் பாதையைச் சொல்கிறேன். வீட்டில் இருந்து கிழக்கே போய் ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்குவேன். அங்கிருந்து வடக்கே, ஓடைகளைத் தாண்டித் தாண்டி, அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்து மேட்டு நிலத்துக்குப் போவேன். பனியுகம் விட்டுப்போன மணல் மேடு அது. காய்ந்த புல்லும் சதுப்பும் நடுவே வெள்ளைக் கிரவல் வீதியுமாகக் கிடக்கும். காற்றுக்குத் தடையே இல்லை. ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம்.

சட்டைப் பையில் சின்ன வானொலி இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் இரைச்சல் மட்டும் கேட்கும். ஏற்றத்தில் பாதி ஏறியதும் இரைச்சல் விலகி, அறிவிப்பாளரின் குரல் வரும். எந்த ஊர் விழுந்தது, எந்த மருத்துவமனையில் குண்டு விழுந்தது என்று அவர் சொல்லத் தொடங்கும் அந்த இடத்தில் என் நெஞ்சுக்குள் ஒரு கல் ஏறி உட்காரும். இடது தோள் கனக்கும். இறங்கி நின்று கைபிடியில் தலையை வைத்தால், செய்தி முடிவதற்குள் போய்விடும்.

யாரும் என்ன நினைப்பார்கள்? செய்தி என்றுதான்.

என்னோடு முன்பு ட்ரக் ஓட்டிய குலத்திடம் கடையில் வைத்துச் சொன்னேன். அவன் மரக்கறி பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"நெஞ்சுக்குள்ளை கல்லு வைச்ச மாதிரிக் கிடக்குதடா."

"ஆருக்கு அண்ணை இல்லை?" என்றான். "என்ரை நெஞ்சுக்குள்ளை அரிசி மூட்டையே கிடக்குது. மனுசிக்கு ரெண்டு மூட்டை. உங்களுக்குக் கல்லு வைச்சிருக்கிறாங்கள், நீங்கள் கல்லு யாவாரி."

பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அன்ரி ஒருவர், "எனக்கு இந்தப் பக்கம் பிடிக்குது தம்பி" என்று தன் விலாவைத் தொட்டுக் காட்டினார். கடை முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த மாதங்களில் எங்கள் சனத்தில் நெஞ்சு வலிக்காத ஆளைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும். யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நகரின் நடுவே வீதியில் கொடியோடு நின்றபோதும் இதே கதைதான். எல்லோருக்கும் ஒரே வருத்தம் என்றால் யார் வைத்தியரிடம் போவது?

உண்மையைச் சொன்னால், அந்த வலியில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. தங்கைக்கு நான் வேறு என்ன செய்தேன்? நெஞ்சாவது வலிக்கிறதே என்று இருந்தது.

சரசு என்னை விடவில்லை. ஒருநாள் படியேறி வந்து கட்டிலில் இருந்து மூச்சு வாங்கியதைக் கண்டுவிட்டு, வோபர்னில் இருக்கும் எங்கள் குடும்ப வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வைத்தியர் மதுரைப் பக்கத்தில் இருந்து வந்த இளம் பெண். என் மகள் நிரூபாவைவிடக் கொஞ்சம்தான் மூப்பு.

"எப்போ வலிக்குது அங்கிள்?"

"செய்தி கேக்கேக்கை."

"வீட்டுல டிவில செய்தி பாக்கும்போது வலிக்குதா?"

யோசித்தேன். "அப்ப அழுகை வரும். இறுக்கம் வாறேல்லை."

"அப்போ எங்க வருது?"

"சைக்கிள்ளை ஏத்தம் ஏறேக்கை கேட்டால் வரும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அங்கிள், ஏத்தத்தை விட்டுட்டு செய்தி கேட்டிருக்கீங்க. செய்தியை விட்டுட்டு ஏத்தம் ஏறியிருக்கீங்களா?"

"செய்தியை எப்பிடி விடுறது?" என்றேன். கோபம் வந்துவிட்டது.

ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாக வரைவது) எடுத்தார். கோடு அழகாக இருந்தது. நான் சரசுவை ஒரு பார்வை பார்த்தேன். "படுத்திருக்கும்போது நல்லாத்தான் இருக்கும் அங்கிள். ஏத்தத்துல எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்று சொல்லி, ஓடவைத்துப் பார்க்கும் சோதனைக்கு எழுதினார். நாக்குக்கு அடியில் அடிக்கும் மருந்து ஒன்றும் தந்தார். அதுவரை சைக்கிளைத் தொடவே கூடாது என்றார்.

அடுத்த நாள் சைக்கிளை எடுத்தேன். நீங்கள் இதைச் செய்யாதீர்கள். வைத்தியர் சொன்னது பிழை என்று காட்டுவதற்காகப் போனேன். வானொலியை வீட்டில் வைத்துவிட்டேன்.

ஓடையில் இறங்கினேன். பாலத்துக்குக் கீழே பனித்தண்ணீர் மண்ணிறமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. ஏறத் தொடங்கினேன். இரைச்சல் இல்லை, குரல் இல்லை. ரயருக்குக் கீழே கல் நொறுங்கும் சத்தம் மட்டும். வேலியில் ஒரு கறுப்புக் குருவி. கொலையும் இல்லை, குண்டும் இல்லை. வழக்கமான அந்த வளைவுக்கு வந்தேன். வழக்கமான கல் வந்து உட்கார்ந்தது.

மருந்தை அடித்துக்கொண்டு வீதியோரப் புல்லில் இருந்தேன். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். இத்தனை நாளும் தங்கைக்காக வலிக்கிறது என்று நம்பியிருந்தேன். குழாயில் படிந்த கொழுப்புக்காக வலித்திருக்கிறது.

சோதனையில் ஓடும் பட்டையில் என்னை ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நிற்பாட்டிவிட்டார்கள். நான் இன்னும் ஓடுவேன் என்றேன். வேண்டாம் என்றார்கள், முகம் சிரிக்கவில்லை. பிறகு அஞ்சியோகிராம் (தொடையில் துளையிட்டு மெல்லிய குழாயை இதயம் வரை அனுப்பி, மருந்து பாய்ச்சி, இரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது) செய்தார்கள். மே மாதம் நடுவுக்கு வந்திருந்தது. அன்று என்னை வீட்டுக்கு விடவில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் உயரமான வெள்ளைக்காரர், மெதுவாகப் பேசுவார். என் ஆங்கிலம் ட்ரக் ஓட்டவும் சண்டை பிடிக்கவும் போதும். இதற்குப் போதாது. நிரூபா மொழிபெயர்த்தாள்.

"அப்பா, மூண்டு குழாய் அடைச்சிருக்குதாம். மெயின் குழாயும். பைபாஸ் செய்யோணுமாம். ரெண்டு மூண்டு நாளுக்குள்ளை. வீட்டை போனா ரிஸ்க் எண்டுறார்."

பைபாஸ் என்றால் அடைப்பைத் தாண்டி இரத்தம் போகப் புதுவழி போடுவது. காலில் இருந்து ஒரு நாளத்தை எடுத்து இதயத்தில் தைப்பார்கள். வீதி உடைந்தால் பக்கத்தால் கிரவல் கொட்டி வழி விடுவோமே, அதுதான். எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. என் கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல குழாய்கள் என்று நிபுணரே சொன்னார். சைக்கிள் ஓடிய கால், சும்மாவா.

"செய்யட்டும்" என்றேன். "தவம் போன் எடுக்கட்டும். அதுக்குப் பிறகு செய்யட்டும்."

நிரூபா மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தாள். நிபுணர் அவளைப் பார்த்தார். அவள் சொன்னதும் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"தவம் அன்ரி எப்ப எடுப்பா எண்டு கேக்கிறார் அப்பா."

"தெரியாது எண்டு சொல்லு."

சாதாரண மனிதன் இல்லை நான். என் பயம் இதுதான்: மயக்கத்தில் கிடக்கும்போது அவள் எடுத்தால்? எடுத்து, அண்ணை இல்லை என்று வைத்துவிட்டால்? அல்லது நான் எழும்பாமலே போய்விட்டால்? ஒரு குரல் கேட்டுவிட்டால் அதன்பிறகு என்னை எப்படியும் வெட்டலாம்.

நிபுணர் போனபிறகு சரசு கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ. நாளைக்கு அவள் எடுக்கிறாள் எண்டு வையுங்கோ. 'அண்ணை எங்கை மச்சாள்' எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? உன்ரை போனுக்குக் காத்திருந்து செத்துப்போனார் எண்டோ? அவள் அங்கை குண்டுக்கும் செல்லுக்கும் தப்பி வர, இந்தப் பழியை அவளின்ரை தலையில போட்டுட்டுப் போப்போறியளோ?"

இந்த நாட்டில் என்னை வென்ற ஆள் அவள் ஒருத்திதான்.

கைப்போனை நிரூபாவிடம் கொடுத்தேன். "குளிக்கேக்கையும் கையில வைச்சிரு. தெரியாத நம்பர் எண்டு கட் பண்ணிப்போடாதை." பிறகு செய்யச் சொன்னேன்.

அதன்பிறகு நடந்தவற்றுக்கு எனக்கு ஒழுங்கு இல்லை. கண் திறந்தபோது தொண்டைக்குள் குழாய் இருந்தது. கை கட்டப்பட்டிருந்தது. தலைமாட்டில் ஏதோ கருவி பீப், பீப் என்று அடித்தது. அது ட்ரக் பின்னுக்கு வரும் சத்தம் என்றே நினைத்தேன். பின்னால் குழி இருக்கிறது, நிற்பாட்டு என்று ஓட்டுநருக்குக் கத்தினேன். சத்தம் வரவில்லை. வண்டி பின்னுக்கு வந்துகொண்டே இருந்தது. எத்தனை நாள் வந்தது என்று தெரியாது. யன்னல் சில நேரம் வெள்ளை, சில நேரம் கறுப்பு.

இப்படி வரும் என்று எனக்கு யாரும் முன்பு சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். தீவிர சிகிச்சையில் நேரம் கலைந்துபோவது வழமையாம். பைத்தியம் இல்லை. திரும்பி வரும். முழுவதும் வராது.

சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் தைத்திருந்தது. இருமினால் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமவேண்டும். பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஏதோ பிழை இருந்தது.

நெஞ்சு வருத்தக்காரனுக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் சனத்தின் எழுதாத சட்டம். சரசு லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. வந்தவர்கள் குளிர் விட்டுவிட்டது என்றார்கள். தோட்டத்தில் வெந்தயம் போட்டதைச் சொன்னார்கள். கட்டிலடித் தொலைக்காட்சிக்குக் காசு கட்டாமல் விட்டிருந்தார்கள், ஓய்வு தேவையாம். ஒருவரும் நாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாதக்கணக்காக வேறு எதையும் பேசாத சனம்.

குலம் வந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணை, உந்தச் சைக்கிளுக்கு என்ன ரயர் போட்டிருக்கிறியள்?" என்று கேட்டான்.

"ஏன்ரா?"

"இல்லை, அகலம் கூடினால் கல்லுக்கு நல்லம் எண்டு சொல்லுவியள். எவ்வளவு காத்து அடிக்கிறனீங்கள்?"

குலம் என் சைக்கிளை ஒருநாளும் மதித்தவன் இல்லை. கார் வாங்க வக்கில்லாதவன் ஓடுவது என்று ஊர் முழுக்கப் பகிடி பண்ணித் திரிந்தவன். அவன் காற்று அளவை விசாரித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஏதோ முடிந்துவிட்டது.

அன்று பின்னேரம் நிரூபா வந்தாள். அவள் இங்கே பிறந்தவள், பொய் சொல்ல எங்களளவுக்குப் பழகவில்லை. கதவை மூடச் சொன்னேன்.

"என்ன நடந்தது?"

"அம்மா சொல்லவேண்டாம் எண்டவ."

"சொல்லு."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இற்ஸ் ஓவர் அப்பா. முடிஞ்சுது. நீங்கள் உள்ளுக்குக் கிடக்கேக்கை."

"தவம்?"

"தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. போன் வரேல்லை. ப்ரொமிஸ்." கைப்போனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. யுத்தம் முடிந்ததை மறைத்தவர்கள் தவத்தையும் மறைப்பார்கள்தானே. தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடைவழியில் மேலும் கீழும் நடந்தேன். தாதிமார் நல்ல முன்னேற்றம் என்று பாராட்டினார்கள். நான் விசாரணைக்கு நடந்தேன். வருகிற ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்து, சரசு எல்லாம் சொல்லிவிட்டாள் என்று பொய் சொல்லிக் கேட்டேன். எல்லோரும் தெரியாது என்றார்கள். எனக்கு அந்தத் 'தெரியாது' நடிப்பாகத் தெரிந்தது. அது உண்மையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் இன்னும் மோசம். தண்ணீர்க் கேத்தலைவிடப் பாரமான எதையும் தூக்கக்கூடாது. கார் ஓட்டக்கூடாது. கையை ஊன்றி எழும்பக்கூடாது. கல் மலையைக் கிளறியவனுக்குக் கதிரையில் இருந்து எழும்ப மனைவி வேண்டும். கராஜுக்குள் போய்ச் சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றிச் சுற்றிவிட்டுக்கொண்டு நிற்பேன். சங்கிலிச் சத்தம் கேட்டுச் சரசு வந்துவிடுவாள்.

இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வரும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் காரணமும் இருந்தபடியால் எது மருந்தின் அழுகை, எது எங்கள் அழுகை என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்கத் தேவையில்லை. அழுதால் நெஞ்செலும்பு நோகும், தலையணையை மட்டும் மறக்காதீர்கள்.

சில கிழமைகளில் இதயப் பயிற்சி வகுப்புக்கு (ஒப்பரேசன் செய்தவர்களைக் கண்காணித்து மெல்ல மெல்ல உடற்பயிற்சி செய்யவைக்கும் இடம்) அனுப்பினார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டி, எங்கும் போகாத சைக்கிள் ஒன்றில் ஏற்றிவிடுவார்கள். முன்னால் வெறும் சுவர். துடிப்பு எண்ணாகத் திரையில் ஓடும். அந்த எண் மேலே போனால் பயிற்சியாளர் பெண் கையைக் காட்டி மெதுவாக என்பார். நான் அந்தச் சுவரோடு போட்டி போட்டு ஓடுவேன். வகுப்பில் என்னைவிட வயது குறைந்தவர்கள் எல்லாம் எனக்குப் பின்னால்தான். ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளில் முன், பின் ஏது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்சட்டைப் பையில் கிடந்த கைப்போன் அடித்தது. நீளமான நம்பர்.

"அண்ணை?"

மெல்லிய குரல். பின்னால் பெரும் இரைச்சல், சனங்கள், ஒரு குழந்தை.

"தவம்."

"அண்ணை, நான் முகாமில நிக்கிறன். இது ஒரு அக்காவின்ரை போன். கனக்கக் கதைக்கேலாது." மூச்சு எடுத்தாள். "ஏன் அண்ணை இளைக்குது?"

பெடலை நிற்பாட்ட மறந்திருந்தேன். "சைக்கிள்ளை ஏத்தம் ஏறுறன்."

"இந்த வயசிலயும் சைக்கிளோ? கடவுளே. சுகமாய் இருக்கிறியளோ?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறன்."

திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் அந்தப் பக்கத்தில் இருந்து ஓடி வந்தார். நான் கையைக் காட்டி நிற்கச் சொன்னேன்.

"கணேசு எங்கை? அவனிட்டைக் குடு."

இரைச்சல் மட்டும். எனக்குப் பழகிய இரைச்சல்தான்.

"தண்ணி எடுக்கப் போயிட்டார் அண்ணை."

"வரட்டும். நிக்கிறன்."

"பெரிய கியூ அண்ணை. வர நேரம் எடுக்கும்."

"சரி" என்றேன். "வந்த உடனை நான் கேட்டதெண்டு சொல்லு."

"சொல்லுறன்."

போன் நின்றது. பயிற்சியாளர் திரையைக் கண்டு முகம் வெளிறி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஆனால் அவர் கேட்ட வலி இல்லை. இப்போது எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். இல்லை என்று சொன்னேன்.

அன்று நாங்கள் இருவரும் ஒருவருக்கு ஒருவர் நெஞ்சு வருத்தக்காரர் ஆனோம். அவள் ஒன்றை மறைத்தாள், நான் ஒன்றை மறைத்தேன். இரண்டும் இருவருக்கும் பாதி தெரியும். அதற்குப் பிறகு அவள் எடுக்கும் போதெல்லாம் கணேசு தண்ணீருக்கோ விறகுக்கோ போயிருந்தான். நானும் விடாமல் ஏற்றம் ஏறிக்கொண்டே இருந்தேன்.

இலை உதிர்காலத்தில் சைக்கிளுக்கு அனுமதி கிடைத்தது. ரூஜ் பள்ளத்தாக்கின் மட்டமான கிரவல் பாதையில் தொடங்கினேன். கல்லின் ஒவ்வொரு அதிர்வும் நெஞ்செலும்பின் கம்பிக்கு வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் உடம்பு எனக்கு வண்டி மாதிரி. எண்ணெய் விட்டு ஓட்டுவேன், சத்தம் வந்தால் இன்னும் வேகமாக ஓட்டுவேன். இப்போது அது பக்கத்தில் இருந்துகொண்டு பேசும் ஆள் மாதிரி. நச்சரிக்கிற ஆள். பதில் சொல்லாமல் ஓட முடியாது. எனக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு தவம் முகாமை விட்டு வவுனியாவில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு வந்தாள். மே மாதம் ரொறன்ரோவில் விளக்கேற்றி நினைவுகூர்ந்தார்கள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான், முடிந்த செய்தி வரும்போது எங்கே நின்றாய் என்று. வேலைத்தலத்தில் நின்றதாக ஒருவர் சொல்வார், கோயிலில் என்று இன்னொருவர். குலம் பெற்றோல் நிரப்பிக்கொண்டு நின்றானாம். எனக்குச் சொல்ல ஒரு இடமும் இல்லை. அந்த நாள் என் கணக்கில் வரவே இல்லை.

அந்தக் கிழமை தவத்துக்கு நானே எடுத்தேன்.

"தவம், கணேசுக்குத் திவசம் செய்யோணும். என்ன நாள்?"

நான் கேட்டுவிட்டேன், இனி மூட முடியாது.

"எப்ப தெரியும் அண்ணை?"

"முதல் போனிலயே."

"அப்ப ஏன் ஒவ்வொரு முறையும் 'அவனிட்டைக் குடு' எண்டு கேட்டனீங்கள்?"

"நீ தண்ணிக்கு அனுப்பினாய். நானும் அனுப்பினன்."

அழுதாள். நான் தலையணையைத் தேடினேன், பழக்கதோசம்.

"எனக்கு நாள் தெரியாது அண்ணை" என்றாள். "பங்கருக்குள்ளை என்ன நாள், என்ன கிழமை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வெளிச்சமாய்க் கிடந்தது. அவ்வளவுதான் தெரியும். எத்தினை நாளுக்குப் பிறகு முடிஞ்சுது எண்டும் தெரியாது. எல்லாரும் திகதி கேக்கினம். ஐயரும் கேக்கிறார். நான் எங்கை போறது திகதிக்கு?"

"எனக்கும் அந்த நாள் தெரியாது" என்றேன்.

"உங்களுக்கென்ன, கனடாவில கலண்டர் இல்லையோ?"

அப்போதுதான் சொன்னேன். நெஞ்சைப் பிளந்து கிடந்ததை, ஏற்றம் ஏறாததை, முன்னால் சுவர் இருந்ததை. அவள் என்னைப் பேசிய பேச்சை எழுதமாட்டேன். எங்கள் அம்மா கூட என்னை அப்படிப் பேசியதில்லை. பேசி முடித்துவிட்டு, "அப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்திலதான் இல்லாமல் போயிருக்கிறம்" என்றாள்.

நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னாராம். ஆடி அமாவாசைக்கு அவள் அங்கே, நான் இங்கே என்று முடிவெடுத்தோம்.

அன்று காலை நிரூபா என்னையும் சைக்கிளையும் ரூஜ் ஆறு தொடங்கும் மேட்டு நிலத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். அங்கே அது ஆறு இல்லை. புல்லுக்குள் ஒரு ஈரம், ஒரு வாய்க்கால், தாண்டிப் போகலாம். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கிரவல் வீதியும் காட்டுப் பாதையும் பள்ளத்தாக்குமாக ஆற்றைப் பிடித்துக்கொண்டே தெற்கே ஓடினேன். யாரையும் முந்தவில்லை. முந்த யாரும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் ஆறு ஏரியில் விழும் இடத்துக்கு வந்துவிட்டேன். சரசு எள்ளும் பூவும் கொண்டுவந்து கரையில் காத்திருந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினேன். கணேசின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"காணும், முடிச்சாச்சு, கரைக்கு ஏறுங்கோ" என்று சரசு கூப்பிட்டாள்.

"வாறன்" என்றேன். வரவில்லை. ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்கு மாறி மாறி நின்றேன். கையும் காலும் போகவேண்டும், போகவேண்டும் என்று துடித்தன. ஆனால் ஒன்று யோசனைக்கு வந்துவிட்டது. ஆறு என்னைவிட மெதுவு. காலையில் மேட்டில் நான் பார்த்த தண்ணீர் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. அது எங்கோ ஒரு பாலத்துக்குக் கீழே, கல்லில் தட்டிக்கொண்டு வந்துகொண்டிருக்கும்.

வந்த பிறகு ஏறுவோம் என்று நின்றேன்.